கப்பல் காத்திருக்காது

பேருந்தை விட்டுவிட்டால் அடுத்த பேருந்து உண்டு. விமானத்தை விட்டுவிட்டால்கூட, கையில் காசிருந்தால் அடுத்த விமானத்தில் ஏறிவிடலாம். உல்லாசக் கப்பல் அப்படி இல்லை. மாலை ஐந்து மணிக்குக் கிளம்பும் என்றால் ஐந்து மணிக்குக் கிளம்பிவிடும். அதற்கு ஒரு மணி அல்லது ஒன்றரை மணி நேரத்துக்கு முன்பே பயணிகள் ஏறும் வாசலை மூடிவிடுவார்கள். பிறகு வந்து நிற்பவர், தான் காசு கட்டிய அறை கடலில் போவதைக் கரையிலிருந்து பார்க்கலாம், அவ்வளவுதான்.

பள்ளி விடுமுறை நெருங்கினாலே எங்கள் வானொலிக்கு வரும் வாட்ஸ்அப் குரல் பதிவுகளில் கப்பல் கேள்வி ஒன்றாவது இருக்கும். அண்மையில் வந்தது பெஸ்தாரி ஜெயாவிலிருந்து. பத்தாங் பெர்ஜுந்தை என்றால்தான் நம்மில் பலருக்குச் சட்டென்று புரியும். பேசியவர் ஓர் அக்கா. அம்மா முப்பது ஆண்டுகளுக்கு மேல் தோட்டத்தில் வேலை செய்தவராம். பிள்ளைகள் ஐந்து பேரும் ஆளுக்குக் கொஞ்சமாகப் போட்டு, அம்மாவின் எழுபதாவது பிறந்தநாளுக்குக் கப்பலில் அழைத்துப்போக முடிவு செய்திருக்கிறார்கள். சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் கப்பல். மருமக்கள், பேரப்பிள்ளைகள் என்று மொத்தம் 11 பேர்.

முகவர் இரண்டு விலை சொல்லியிருக்கிறார். விமானத்தையும் கப்பல் நிறுவனம் வழியாகவே சேர்த்து எடுத்தால் ஒரு விலை. கப்பலை மட்டும் அவரிடம் எடுத்துக்கொண்டு, விமான டிக்கெட்டை நாமே இணையத்தில் பிடித்தால் ஆளுக்கு 280 வெள்ளி குறைவு. "தம்பி, எல்லாருக்கும் சேர்த்து மூவாயிரம் வெள்ளி மிச்சம். ஆனா சின்ன மருமகன் வேணாங்கிறார். யார் சொல்றது சரி?" என்று கேட்டிருந்தார்.

இதற்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிட முடியாது. அந்த 280 வெள்ளி எதற்கான விலை என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். அது விமான இருக்கைக்கான விலை இல்லை. இருக்கை இரண்டிலும் ஒன்றுதான். விமானம் தாமதமானால் அடுத்து என்ன செய்வது என்று யார் பார்ப்பது, அந்தச் செலவு யார் தலையில் விழுவது என்பதற்கான விலை அது.

பெரிய கப்பல் நிறுவனங்கள் பல தாங்களே விமான டிக்கெட் எடுத்துத் தரும் சேவையை வைத்திருக்கின்றன. ராயல் கரீபியன் அதற்கு ஏர்-டூ-சீ என்று பெயர் வைத்திருக்கிறது. பிரின்சஸ் நிறுவனத்தில் ஈஸிஏர் என்பார்கள். இப்படி எடுத்தால் நீங்கள் எந்த விமானத்தில் வருகிறீர்கள் என்பது கப்பல் நிறுவனத்துக்குத் தெரியும். விமானம் தாமதமானால் வேறு விமானம் பிடித்துத் தரவோ, கப்பல் அடுத்து நிற்கும் துறைமுகத்தில் உங்களைக் கொண்டுபோய்ச் சேர்க்கவோ அவர்கள் முயல்வார்கள். கப்பல் நிறுவனமே பயணத்தை ரத்து செய்தால் கப்பல் கட்டணத்தோடு விமானக் கணக்கையும் அதே நிறுவனத்திடம் பேசி முடிக்கலாம்.

இதில் பலர் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் ஒன்று உண்டு. "கப்பல்காரங்ககிட்டயே டிக்கெட் எடுத்தா நமக்காகக் கப்பல் நிக்கும்" என்று சொல்வார்கள். நிற்காது. ஒரே விமானத்தில் நிறையப் பயணிகள் மாட்டிக்கொண்டால் கொஞ்ச நேரம் காத்திருந்த கப்பல்கள் உண்டுதான். ஆனால் அது அன்றைய நிலவரத்தைப் பார்த்துக் கப்பல் தலைவர் எடுக்கும் முடிவு. உங்களுக்குக் கொடுத்த வாக்குறுதி இல்லை. உங்களைக் கப்பலில் சேர்க்க முயல்வதுதான் அவர்களின் வாக்குறுதி. அந்தச் செலவை அவர்கள் ஏற்கிறார்களா, உதவி மட்டும் செய்கிறார்களா என்பதை ஒப்பந்தத்தில் தேடிப் படித்துப் பார்க்க வேண்டும்.

குறைகளும் உண்டு. விமானத்தையும் நேரத்தையும் பெரும்பாலும் அவர்களே தேர்ந்தெடுப்பார்கள். நேர் விமானம் இருக்கும்போது ஓரிடத்தில் இறங்கி ஏறும் பயணம் வரலாம். 11 பேரும் ஒன்றாக உட்கார இடம் கிடைக்காமல் போகலாம். தேதியை மாற்ற விமான நிறுவனத்தைக் கூப்பிட்டால், "டிக்கெட் எடுத்தவரிடம் பேசுங்கள்" என்று திருப்பிவிடுவார்கள். மலிவு விலை விமானங்கள் இந்தச் சேவையில் பெரும்பாலும் வராது. குடும்பத்தில் ஒருவர் பினாங்கிலும் இன்னொருவர் ஜோகூரிலும் இருந்தால், எல்லாரையும் கோலாலம்பூரில் கூட்டிப் பறக்கவைக்கும் தொகுப்பினால் அவர்களுக்கு அலைச்சல்தான் மிச்சம். இன்னொன்று: இந்தச் சேவைகளைப் பற்றி இணையத்தில் படிப்பதெல்லாம் வெளிநாட்டுப் பயணிகளுக்காக எழுதியதாக இருக்கலாம். மலேசியாவில் வாங்குகிறவருக்கும் அதே சேவை, அதே பாதுகாப்பு உண்டா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

கப்பல் செலவை யார் ஏற்பது, அதற்குப் பதிலாக யாருக்கு எதைக் கொடுப்பது என்ற கணக்கு நம் குடும்பங்களுக்குப் புதிதில்லை. பெஸ்தாரி ஜெயாவில் உள்ள தென்னமாரம் தோட்டத்தில்தான் 1917-இல் இந்த நாட்டின் முதல் வணிகச் செம்பனை நடவு நடந்தது. இந்த வட்டாரத் தோட்டங்களுக்கு வந்த நம் முன்னோர் பலரின் கப்பல் கட்டணம் அவர்கள் கையிலிருந்து வந்ததில்லை. ஒப்பந்தக் கூலி முறையில் வந்தவர்களுக்கு அந்தக் கட்டணம் கடனாகி, சம்பளத்தில் பிடிக்கப்பட்டது. 1907-இல் தமிழர் குடியேற்ற நிதி தொடங்கிய பிறகு, முதலாளிகள் கட்டிய வரிப்பணத்திலிருந்து கட்டணம் கொடுக்கப்பட்டது. நாகப்பட்டினத்தில் ஏறுவது முதல் தோட்டத்து வாசல் வரை எல்லாம் மற்றவர் ஏற்பாடு. வழியில் தொலைந்துபோகும் பயம் குறைவு. ஆனால் எந்தத் தோட்டம், எந்த லயம் என்று தேர்ந்தெடுக்கும் உரிமையும் குறைவு. சொந்தக் காசில் டிக்கெட் எடுத்து வந்தவர்கள் இறங்கிய பிறகு தாங்களே வழி தேடினார்கள். ஆனால் நினைத்த இடத்துக்குப் போனார்கள். 1926 முதல் ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஓடிய ரஜூலா கப்பலின் மேல்தளத்தில் இந்த இரண்டு வகையினரும் பக்கத்தில் பக்கத்தில் பாய் விரித்துப் படுத்திருப்பார்கள்.

அன்றைய வறுமையையும் இன்றைய உல்லாசத்தையும் நான் ஒன்றாக்கவில்லை. அடுத்தவர் ஏற்பாட்டில் போனால் பொறுப்பு அவர்களுக்கு, ஆனால் தேர்வும் அவர்களுக்கு. நம் ஏற்பாட்டில் போனால் தேர்வு நமக்கு, பொறுப்பும் நமக்கு. இது மட்டும் அன்றும் இன்றும் மாறவில்லை.

சரி, விமானத்தை நாமே எடுக்கும் பக்கத்தைப் பார்ப்போம். விலை குறைவு. நேரத்தை நாமே முடிவு செய்யலாம். மலிவு விலை டிக்கெட் வரும் நாளில் பிடித்துக்கொள்ளலாம். ஆனால் விமான டிக்கெட்டும் கப்பல் டிக்கெட்டும் அப்போது ஒன்றை ஒன்று அறியாத இரண்டு ஒப்பந்தங்கள். விமானம் நான்கு மணி நேரம் தாமதமானால், உங்களைச் சிங்கப்பூரில் கொண்டுபோய் இறக்கிவிட்டதோடு விமான நிறுவனத்தின் கடமை முடிந்தது. கப்பல் போய்விட்டதே என்று அவர்களிடம் அழ முடியாது. நீங்கள் வரவில்லை என்று கப்பல் நிறுவனம் எழுதிக்கொள்ளும். அவ்வளவுதான்.

நம் நாட்டில் விமானப் பயணிகளுக்கு 2016 முதல் பயனீட்டாளர் பாதுகாப்பு நெறிமுறை இருக்கிறது. தாமதம் 2 மணி நேரத்தைத் தாண்டினால் உணவு தர வேண்டும். 5 மணி நேரத்தைத் தாண்டி இரவு தங்க நேர்ந்தால் தங்குமிடமும் போக்குவரத்தும் தர வேண்டும். 2024 செப்டம்பரில் வந்த திருத்தத்தின்படி, 5 மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமானால் பயணத்தைக் கைவிட்டு டிக்கெட் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். முன்பு மேவ்கோம் ஆணையம் கவனித்த இந்த வேலையை 2025 ஆகஸ்டு முதல் மலேசிய சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம் கவனிக்கிறது. நல்ல பாதுகாப்புதான். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். சிங்கப்பூர் டிக்கெட் பணம் கைக்கு வரும். அதைப்போல் பல மடங்கு செலவழித்த கப்பல் பணம் இந்த நெறிமுறைக்குள் வராது.

கப்பலே தேதி மாறினால்? அதற்கும் அண்மையில் உதாரணம் இருக்கிறது. சிங்கப்பூரைத் தளமாகக் கொண்ட டிஸ்னி அட்வென்ச்சர் கப்பலின் முதல் பயணம் 2025 டிசம்பர் 15 என்று அறிவித்திருந்தார்கள். பிறகு அது 2026 மார்ச் 10-க்குத் தள்ளிப்போனது. டிசம்பர் விடுமுறைக்கு முன்கூட்டியே மலிவு விலை விமான டிக்கெட் வாங்கி வைத்தவர்களை நினைத்துப் பாருங்கள். விமானம் சரியான நேரத்தில் கிளம்பும். ஏறுவதற்குத்தான் கப்பல் இருக்காது. தனியாக டிக்கெட் எடுப்பவர்கள், கப்பல் நிறுவனம் தேதியை மாற்றினால் விமானச் செலவுக்கு ஏதும் தருவார்களா, எவ்வளவு வரை தருவார்கள் என்ற வரியை ஒப்பந்தத்தில் பார்த்துவிட்டுத்தான் விமான இணையத்தளத்தைத் திறக்க வேண்டும்.

அப்படியானால் அந்த அக்காவுக்கு என்ன சொன்னேன்? விமானத்தை நீங்களே எடுங்கள், ஆனால் கப்பல் கிளம்பும் நாளன்று பறக்காதீர்கள் என்றேன். முதல் நாளே போய்விடுங்கள். மிச்சமாகும் மூவாயிரம் வெள்ளியில் ஒரு பகுதியை ஓர் இரவு தங்குவதற்கு ஒதுக்குங்கள். கோலாலம்பூரிலிருந்து சிங்கப்பூர் ஒரு மணி நேரப் பறப்பு. ஒரு நாளில் எத்தனையோ விமானங்கள். முதல் நாள் மாலை விமானம் ரத்தானால்கூட மறுநாள் காலை விமானம் இருக்கிறது. எல்லாம் தவறினாலும் இரவுப் பேருந்து இருக்கிறது. இவ்வளவு பக்கத்தில் உள்ள ஊருக்கு, முன்கூட்டியே போகும் அந்த ஒரு நாள்தான் மலிவான காப்புறுதி.

சிங்கப்பூரில் அறை வாடகை அதிகம் என்று நினைப்பவர்கள் ஜோகூர் பாருவில் தங்கலாம். ஆனால் வெள்ளிக்கிழமை மாலையிலும் விடுமுறை தொடங்கும் நாளிலும் பாலம் எப்படி இருக்கும் என்பது உங்களுக்கே தெரியும். மதியம் ஏற வேண்டிய கப்பலுக்கு விடியற்காலையிலேயே பாலத்தைக் கடந்துவிட வேண்டும்.

கோல சிலாங்கூர் பக்கத்து ஆட்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. கேஎல்ஐஏ நமக்குப் பக்கத்து வீடு இல்லை. ஏறக்குறைய 100 கிலோமீட்டர். காலை ஏழு மணி விமானத்துக்கு, வயதான அம்மாவையும் சிறு பிள்ளைகளையும் எழுப்பிக்கொண்டு நள்ளிரவு தாண்டியதும் புறப்பட வேண்டும். ஆனால் கப்பல் முனையம் இருக்கும் புலாவ் இண்டா, ஜெராம், காப்பார் வழியாகப் போனால் அதில் பாதித் தூரத்துக்குக் கொஞ்சம் அதிகம்தான். கிள்ளான் துறைமுகத்திலேயே ஏறி இறங்கக்கூடிய கப்பல் பயணங்களும் அவ்வப்போது அறிவிக்கப்படுகின்றன. தேதி ஒத்துவந்தால் விமானக் கேள்வியே எழாது. லோரிகளுக்குப் பின்னால் மாட்டிக்கொள்ளாமல் கொஞ்சம் சீக்கிரமாகக் கிளம்பினால் போதும். முகவரிடம் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்.

தூரம் கூடினால் என் பதில் மாறும். பார்சிலோனாவிலோ வான்கூவரிலோ ஏற வேண்டிய கப்பலுக்கு இரண்டு விமானம் மாற வேண்டியிருக்கும். அங்கே ஒரு விமானம் தவறினால் மறுநாள் இருக்கை கிடைக்கும் என்ற உறுதி இல்லை. அடுத்த துறைமுகத்தில் ஏறிக்கொள்ளலாம் என்பதும் எல்லா இடத்திலும் நடக்காது. அமெரிக்காவில் 1886-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பல், ஓர் அமெரிக்கத் துறைமுகத்தில் ஏற்றிய பயணியை இன்னோர் அமெரிக்கத் துறைமுகத்தில் நேரடியாகக் கொண்டுபோய் இறக்கிவிட முடியாது. கனடாவின் வான்கூவரிலிருந்து அலாஸ்காவின் சீவர்டுக்குப் போகும் கப்பலைத் தவறவிட்டவர், வழியில் அலாஸ்காவின் கெச்சிக்கனில் ஏறி சீவர்டில் இறங்க அந்தச் சட்டம் விடாது. கப்பல் கண்ணெதிரே நிற்கும், ஏற முடியாது. மற்ற நாடுகளில், அடுத்த துறைமுகம் இருக்கும் நாட்டுக்குள் விமானத்தில் போய் இறங்க விசா தேவைப்படலாம். இப்படிப்பட்ட பயணங்களுக்குக் கப்பல் நிறுவனமே விமானத்தையும் பார்த்துக்கொள்வது கொடுக்கும் காசுக்குத் தகும். நாமேதான் எடுப்பது என்றால், எல்லாப் பறப்பும் ஒரே முன்பதிவு எண்ணில் இருக்க வேண்டும். தனித்தனி டிக்கெட்டாக எடுத்து, கேஎல்ஐஏ முனையம் 2-இல் இறங்கி முனையம் 1-க்கு ஓடும் வேலை வேண்டாம். கப்பல் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பாவது அந்த ஊரில் இருங்கள்.

திரும்பி வரும் விமானத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கப்பல் காலை ஏழு மணிக்குக் கரை சேரும் என்றால் ஏழரைக்கு வெளியே வந்துவிடலாம் என்று கணக்குப் போடுகிறார்கள். ஆயிரக்கணக்கானோர் இறங்க வேண்டும், பெட்டி தேட வேண்டும், குடிநுழைவைக் கடக்க வேண்டும். மதியத்துக்கு முன்பு கிளம்பும் விமானத்தை எடுக்காதீர்கள்.

காப்புறுதி எடுத்தால் போதாதா என்று கேட்பீர்கள். எடுங்கள், ஆனால் படித்துவிட்டு எடுங்கள். விமானத் தாமதத்துக்கு மணிக்கணக்கில் கொஞ்சம் பணம் தருவது ஒன்று. தாமதத்தால் கப்பலைத் தவறவிட்டதற்கு ஈடு தருவது வேறு. முதலாவது இருந்து இரண்டாவது இல்லாத காப்புறுதிகள் உண்டு. எழுபது வயதைத் தொட்ட அம்மாவுக்கு வயது வரம்பு இருக்கிறதா, இரத்த அழுத்தம், சர்க்கரை போன்ற ஏற்கெனவே உள்ள நோய்களை ஏற்பார்களா என்றும் பாருங்கள். எவ்வளவு நல்ல காப்புறுதியாக இருந்தாலும் அது பிறகு பணம் தரும். கப்பலில் ஏற்றிவிடாது.

இதற்கெல்லாம் முன்னால் அம்மாவின் கடப்பிதழ் விஷயத்தை முடித்துவிடுங்கள். தோட்டத்தில் பிறந்து வளர்ந்து வயதான நம்மவர்கள் சிலர் இன்னும் சிவப்பு அடையாள அட்டையோடு இருக்கிறார்கள். அவர்களுக்கு மலேசியக் கடப்பிதழ் கிடைக்காது. பிள்ளைகளே கடைசி நேரத்தில்தான் கவனிப்பார்கள். கடப்பிதழ் இருந்தால் பயண முடிவுக்குப் பிறகும் ஆறு மாதம் செல்லுமா என்று பாருங்கள். பிறப்புப் பத்திரத்தில் ஓர் எழுத்து, அடையாள அட்டையில் வேறோர் எழுத்து என்பது தோட்டக் குடும்பங்களில் சாதாரணம். கப்பலிலும் விமானத்திலும் பெயர் கடப்பிதழில் உள்ளபடியே இருக்க வேண்டும். ஏ/எல், ஏ/பி நடுவில் வரும் சாய்கோட்டை ஏற்காத முன்பதிவுத் தளங்கள் உண்டு. தனித்தனியாக எடுக்கும்போது ஒன்றில் ஒரு மாதிரியும் இன்னொன்றில் வேறு மாதிரியும் பெயர் ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, யாரிடம் காசு கொடுக்கிறீர்கள் என்பது. "அண்ணே ஒருத்தர் வருஷா வருஷம் ஆள் சேர்த்துக் கூட்டிட்டுப் போறார்" என்று வாட்ஸ்அப் குழுவில் பணம் கட்டுகிற பழக்கம் நம்மிடம் அதிகம். நல்லவராகவே இருக்கட்டும். 1992-ஆம் ஆண்டு சுற்றுலாத் தொழில் சட்டப்படி, சுற்றுலா விற்பவருக்குச் சுற்றுலா அமைச்சின் உரிமம் இருக்க வேண்டும். உரிம எண்ணைக் கேளுங்கள், அமைச்சின் இணையத்தளத்தில் சரிபாருங்கள். விமானமும் சேர்ந்த தொகுப்பு என்றால், "விமான டிக்கெட்டை எடுப்பது கப்பல் நிறுவனமா, நீங்களா?" என்று கேளுங்கள். முகவரே வெளியில் வாங்கிச் சேர்த்துக் கொடுத்தால், நீங்கள் கூடுதல் பணம் கொடுத்தும் கப்பல் நிறுவனத்தின் பாதுகாப்பு உங்களுக்கு இல்லாமல் போகலாம். விமானம் தாமதமாகிக் கப்பல் போய்விட்டால் யார் என்ன செய்வார் என்பதை எழுத்தில் வாங்குங்கள். வாய்ச்சொல் வேண்டாம். பிரச்சினை வந்தால் பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கிறது. 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அங்கே கொண்டுபோகலாம். பதிவுக் கட்டணம் 5 வெள்ளிதான், வழக்கறிஞர் தேவையில்லை. ஆனால் அங்கே பேசப்போவது உங்கள் கையில் இருக்கும் தாள்தான்.

மலிவா, பாதுகாப்பா என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் விஷயமாக இதைப் பார்க்காதீர்கள். தாமதத்தின் சுமையை யாராவது ஒருவர் தாங்கியே ஆக வேண்டும். கப்பல் நிறுவனம் தாங்கட்டும் என்றால் அதற்கான விலையைக் கொடுங்கள், கொடுத்ததற்கு எழுத்தில் வாங்குங்கள். நாமே தாங்கிக்கொள்ளலாம் என்றால் ஒரு நாள் முன்னதாகக் கிளம்புங்கள். இரண்டும் இல்லாமல் அன்றைய காலை விமானத்தில் மலிவாகப் போய், மாலைக் கப்பலைப் பிடித்துவிடலாம் என்பது மட்டும் வேண்டாம். வாழ்நாள் முழுக்க மற்றவர் நேரத்துக்கு ஓடிய ஒரு அம்மாவை, எழுபது வயதிலும் துறைமுகத்துக்கு ஓடவைக்கக் கூடாது.